கடிகாரக்காரரின் வாசல்

ஜனவரி 9, புதன்

இன்று மைக்ரோ டீச்சிங். பி.எட். படிப்பவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திப் பழகும் கூத்துக்கு அதுதான் பெயர். ஒருத்தி டீச்சராக நடிப்பாள், மற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நடிப்பார்கள், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவேன். இருபது வருஷமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன், இன்னும் சிரிப்பு வருகிறது.

நான் நடத்துவது கல்வியின் தத்துவ அடிப்படைகள். எல்லாம் மேல்நாட்டு ஆசாமிகள். பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஜெர்மனிக்காரர் ஒருவர் மாலை நடைக்குக் கிளம்புவதைப் பார்த்துத்தான் ஊரே கடிகாரத்தைச் சரிசெய்யுமாம், அவர் கடிகாரக்காரர். எதில் அதிகம் பேருக்கு அதிகச் சுகமோ அதுதான் நியாயம் என்ற இங்கிலாந்துக்காரர், கூட்டல்காரர். ஊர் கொடுத்த விஷத்தை மறுக்காமல் குடித்த கிரேக்கக் கிழவர், நஞ்சுத் தாத்தா. பரீட்சையில் சரியான பெயரை எழுதுங்கள், வகுப்பில் எப்படியும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்குச் செண்பகவல்லியின் முறை. வினாக் கேட்கும் திறன். கடிகாரக்காரர் சொன்ன அந்த வாசல் விஷயத்தை எடுத்துக்கொண்டாள்.

"உங்க கூட்டாளி ஓடிவந்து உங்க வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிடுதான். அவனைக் கொல்ல வந்தவன் வாசல்ல நிக்கான். உள்ள இருக்கானான்னு கேக்கான். என்ன சொல்லுவீங்க பிள்ளைங்களா?"

"இல்லேன்னு சொல்லுவோம் டீச்சர்" என்று வகுப்பே பாடியது.

"கடிகாரக்காரர் அப்பவும் பொய் சொல்லக்கூடாதுங்காரு. ஏன்? 'அவன் வெளிய போயிட்டான்'னு நீங்க பொய் சொல்லுதீங்க. அதே நேரத்துல அவன் பயந்துபோய் பின்வாசல் வழியா நெசமாவே வெளிய போயிட்டான். கொல்ல வந்தவன் தெருவுல அவனைப் பாத்துருதான். இப்ப அந்தச் சாவு யார் கணக்கு?"

ஜெபராணி ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி கையைத் தூக்கி, "அவன் தலையெழுத்து டீச்சர்" என்றாள். ஒரே சிரிப்பு.

நான் விடுவேனா. ஒரு உயிரைக் காப்பாற்ற ஒரு வாய் வார்த்தை பொய் சொல்லக்கூடாது என்றால் அது என்ன பெரிய ஒழுக்கம், வெறும் பிடிவாதம் என்றேன். செண்பகா அசையவில்லை. "உண்மையைச் சொன்னா அதுக்கப்புறம் நடக்கது கொன்னவன் பாவம் மேடம். பொய் சொன்னா மிச்சத்துக்கும் நாம ஜவாப்தாரி ஆயிருதோம். அதைத்தான் அவரு சொல்லுதாரு" என்றாள்.

"அப்ப நீ என் வீட்டுக்கு ஓடிவந்தா உன்னைக் காட்டிக்கொடுத்துரணும், அப்படித்தானே?"

அவளும் சேர்ந்து சிரித்தாள். பத்துக்கு ஆறு போட்டேன். 'வினாக்கள் நன்று. முடிவு ஏற்புடையதல்ல.'

ஜனவரி 13, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறேன் என்ற ஆள் வரவில்லை. இவர், என் வீட்டுக்காரர், ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். டெலிபோன் ஆபீசில் கம்பத்தில் ஏறிய நினைப்பு இன்னும் போகவில்லை. ஏறவிடவில்லை. மாடிப் போர்ஷனில் இருந்துவிட்டுக் காலி செய்தவர்கள் சுவர் முழுக்க ஆணி அடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஜனவரி 21, திங்கள்

எங்கள் பி.எட். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கும் அரசுப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். ரூபன் ஒன்பதாம் வகுப்புக்கு நெம்புகோல் நடத்தினான். பேனா, ஸ்கேல், ஒரு செருப்பு இவ்வளவுதான் அவன் கொண்டுவந்த பொருள்கள், ஆனால் ஒரு பிள்ளைகூட வெளியே பார்க்கவில்லை. பிள்ளையைச் சமூகம் கெடுக்காமல் இயற்கையோடு வளர விடு என்று எழுதிய ஜெனீவாக்காரர், தன் பிள்ளைகளை அனாதை விடுதியில் விட்டுவிட்டார் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைப்பேன். ரூபனைப் பார்த்தபோது அவருக்கே இவன் ஒரு பாடம் நடத்தலாம் என்று தோன்றியது. அவனுக்கு அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தாள்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் செண்பகா, ரூபன், ஜெபா மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபாவைக் காவலுக்கு வைத்துக்கொண்டு மற்ற இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவது எனக்குத் தெரியாதா. "என்னட்டி ஜெபா, உனக்கு இதுக்கு எத்தனை மார்க்கு போட?" என்றேன். அவள் சிரித்தாள். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

செண்பகாவின் ஊரும் ரூபனின் ஊரும் ஒன்றுதான். நடுவில் ஓடை; செண்பகா வீடு இந்தப் பக்கம், ரூபன் வீடு அந்தப் பக்கம். ஓடைக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். செண்பகாவின் அப்பா சண்முகவேல் மரக்கடை வைத்திருப்பவர், எங்கள் கல்லூரிக் கமிட்டியில் முக்கியமான ஆள்.

சாயங்காலம் தாளாளர் கூப்பிட்டார். முதல்வர் பிப்ரவரியோடு ஓய்வு. சீனியாரிட்டிப்படி பொறுப்பு எனக்குத்தான் வரவேண்டும். "சண்முகவேல் அண்ணாச்சி காதுலயும் ஒரு வார்த்தை போட்டு வைங்க டீச்சர்" என்றார். நான் யார் காதிலும் எதையும் போடுகிற ஆள் இல்லை. ஆனால் வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஜனவரி 27, ஞாயிறு

காலையில் கேட்டைத் திறந்தால் ஜெபா நிற்கிறாள். பின்னால் செண்பகா, கழுத்தில் புதுத் தாலிக்கயிறு. அவளுக்குப் பின்னால் ரூபன், கையில் ஒரு ரெக்ஸின் பை. நேற்று மலைக்கோயில் ஒன்றில் கட்டிக்கொண்டார்களாம். வியாழக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசில் பதிவு. அதுவரைக்கும் எங்காவது இருக்கவேண்டும்.

"வேற யாருகிட்டப் போறதுன்னு தெரியல மேடம்" என்றாள் செண்பகா. "அன்னைக்கு நீங்கதான் கேட்டீங்க, 'நீ என் வீட்டுக்கு ஓடிவந்தா'ன்னு."

இவர் ஈஸிசேரில் இருந்து என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை. மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷம் நியாயம், தர்மம் என்று போர்டில் எழுதி அழித்ததற்கு ஒரு நாளாவது அதைச் செய்து பார்க்க வேண்டாமா. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

பாய், தலையணை, பழைய தட்டு இரண்டு, பழைய டம்ளர் இரண்டு மாடிக்குத் தனியாகக் கொடுத்துவிட்டேன். கீழுக்கும் மேலுக்கும் சாமான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமே.

ஜெபா போகும்போது, "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் மேடம்" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஜனவரி 28, திங்கள்

வகுப்பு வழக்கம்போல. செண்பகாவும் ரூபனும் விடுப்பு என்று எழுதினேன். திரும்பி வந்து பார்த்தால் மாடிச் சுவரில் இருந்த ஆணிகளையெல்லாம் ரூபன் பிடுங்கி ஓட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தான். இவருக்கு ஒரே சந்தோஷம். "வடிவு, இவன் கெட்டிக்காரன்" என்றார் என்னிடம்.

சாம்பார் வாளியை மாடிப்படிக் கடைசியில் வைத்துக் குரல் கொடுத்தேன். செண்பகா வந்து எடுத்துக்கொண்டாள். "இப்பவும் கடிகாரக்காரர் கட்சிதானா?" என்று கேட்டேன். "வியாழக்கிழமை வரைக்கும் உங்க கட்சி மேடம்" என்றாள்.

மாடிக்குப் பின்பக்கமும் ஒரு இரும்புப் படி உண்டு. அது வழியாக இறங்கினால் பின்தெரு, தெரு முடிந்தால் பைபாஸ். பூட்டிவிடலாமா என்று இவர் கேட்டார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

ஜனவரி 29, செவ்வாய்

இன்று அவர்கள் வந்தார்கள். சண்முகவேலும் அவர் மைத்துனரும். ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாடிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் இல்லை. பின்படி வழியாகப் போயிருக்கிறார்கள். செண்பகா போனை எடுக்கவில்லை. எங்கேயாவது நல்லபடியாக இருக்கட்டும்.

ஜனவரி 30, புதன்

ரூபன் செத்துப்போனான். நேற்று செங்கோட்டை பஸ் ரயில்வே கேட்டில் நின்றபோது நாலு பேர் ஏறியிருக்கிறார்கள்.

செண்பகாவுக்குக் கையில் வெட்டு, உயிருக்கு ஆபத்து இல்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறது.

பிப்ரவரி 1, வெள்ளி

செண்பகாவின் மாமன் மகன் கோர்ட்டில் சரணடைந்துவிட்டான். கட்டிக்கொள்ள வேண்டிய முறைப்பெண் ஓடிப்போன ஆத்திரத்தில் நானும் என் சேக்காளிகளும் செய்தோம், வேறு யாருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கிறான். சண்முகவேல் அன்று முழுக்க மகளைத் தேடி அலைந்த பாவப்பட்ட அப்பா. பேப்பரில் அழுகிற படம்.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் கிடையாது. கல்லூரிப் பெயர் அடிபடக்கூடாது என்று தாளாளர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். ரூபனின் நாற்காலியை யாரோ எடுத்துக் கடைசி வரிசையில் போட்டிருந்தார்கள். கூட்டல்காரர் நடத்தவேண்டிய நாள். அதிகம் பேருக்கு அதிகச் சுகம் என்று எழுதிவிட்டுத் திரும்பினால் ஒரு பிள்ளையும் எழுதிக்கொள்ளவில்லை.

அன்றைக்குச் சண்முகவேலும் மைத்துனரும் கொண்டுவந்த பழப்பை இன்னும் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. ஆப்பிள், மாதுளை. இவர் தொடவில்லை, நானும் தொடவில்லை, குப்பையில் போடவும் மனசு வரவில்லை.

பிப்ரவரி 5, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான மனிதர். சண்முகவேல் உங்கள் வீட்டுக்கு வந்தாராமே, செண்பகவல்லி மாடியிலிருந்து பார்த்ததாகச் சொல்கிறாள் என்றார். ஆமாம், வந்தார், மகளைக் கேட்டார், எனக்குத் தெரியாது என்றேன், போய்விட்டார் என்றேன். வேறு ஏதாவது பேசினார்களா என்றார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

பழங்கள் அழுக ஆரம்பித்துவிட்டன. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

பிப்ரவரி 11, திங்கள்

ஜெபா ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி ஒரு வரிசை காலி. அவள் மேசையில் யாரோ காம்பஸ் முனையால் 'காட்டிக்கொடுத்தவள்' என்று கீறியிருக்கிறார்கள். அதன்மேல் அவள் கைக்குட்டையை விரித்துப்போட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று மற்றப் பிள்ளைகளிடம் கேட்டேன். அந்த பஸ்ஸில் போகிறார்கள் என்பது ஜெபா ஒருத்திக்குத்தான் தெரியுமாம். செண்பகாவே ஆஸ்பத்திரியில் சொன்னாளாம்.

இன்று நஞ்சுத் தாத்தா பாடம். அநியாயம் செய்வதைவிட அநியாயத்துக்கு ஆளாவது மேல், செய்தவன் அகப்படாமல் தப்பித்தால் அவனுக்கு அதைவிடக் கேடு இல்லை, நோயாளி வைத்தியரிடமிருந்து தப்பி ஓடுவது மாதிரி. நான் நன்றாக நடத்தும் பாடம் இது. பாதியில் புத்தகத்தை மூடினேன். மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

தலைவலி. கல்லூரிக்குப் போகவில்லை. துவரம்பருப்பை வெயிலில் போட்டேன்.

பிப்ரவரி 16, சனி

திருநெல்வேலிக்குப் போய் செண்பகாவைப் பார்த்தேன். பெண்கள் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இடதுகை முழுக்கக் கட்டு. முகம் சின்னப் பிள்ளை முகமாக ஆகிவிட்டது. வெளியே காவலுக்கு ஒரு பெண் போலீஸ்.

நான் கேட்காமலேயே சொன்னாள்.

"மாடி ஜன்னல்லேருந்து அப்பா வண்டியைப் பாத்துட்டோம் மேடம். ரூபன் படியில பாதி இறங்கிக் கதவு இடுக்கு வழியா ஹால்ல பாத்தான். நீங்க காபி கொண்டுவந்து வச்சீங்க. அப்பா என்னமோ சொன்னாரு, நீங்க சிரிச்சீங்க. அவன் மேல வந்து, சமாதானம் ஆயிட்டாங்க, மேடம் சொல்லிருவாங்கன்னான். நான், சொல்ல மாட்டாங்க, இருன்னேன். காபி கொடுத்துட்டாங்க செண்பகான்னான். அதையே சொன்னான். என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு இறங்கிட்டான். பைபாஸ்ல முதல்ல வந்த பஸ் செங்கோட்டை பஸ்."

முந்தானையால் கட்டை மூடிக்கொண்டு, "நீங்க சொல்லல, எனக்குத் தெரியும்" என்றாள். "நாங்க எந்த பஸ்ல ஏறுவோம்னு உங்களுக்கு எப்படித் தெரியும், எங்களுக்கே தெரியாது. பஸ்ல ஏறி ஜெபாவுக்கு மட்டும்தான் போன் பண்ணினேன். அவ ஒருத்திதான். யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன் மேடம், வேற வழியே கிடையாது."

கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறாள். அவளுக்கு நான்தான் அப்படி யோசிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

"ஜெபா செஞ்சிருக்க மாட்டா" என்றேன்.

"அப்ப யாரு?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

இனி இங்கே எழுதாமல் இருந்து பிரயோஜனமில்லை. அன்றைக்கு நடந்தது இது. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, பழப்பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். "பிள்ளையை ஒண்ணும் செய்ய மாட்டோம் டீச்சர். ஊரறியக் கல்யாணம் பண்ணிவச்சிருவோம். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் சண்முகவேல். அவர் மைத்துனர் பேசவே இல்லை, மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை. தெரியாது என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பட்டது. நம்புகிற மாதிரி சொல்லவேண்டும், நான் டீச்சர், விவரம் இல்லாமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. "இங்க வந்தாங்க அண்ணாச்சி. நான் திட்டி அனுப்பிட்டேன். கேரளாவுக்குப் போறோம்னு செங்கோட்டை பஸ் ஏறிட்டாங்க, இப்பத்தான்" என்றேன்.

மைத்துனர் வாசல்படி தாண்டுவதற்குள் போனை எடுத்து, "செங்கோட்டை ரோட்டுக்கு வண்டியை விடு, கேட்டுல பஸ் நிக்கும்" என்றார். பக்கத்தில் சண்முகவேல் கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டிருந்தார். நானும் கும்பிட்டேன். தப்பித்தார்கள், மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டேன்.

பிப்ரவரி 18, திங்கள்

கூட்டல்காரரை வைத்துப் பார்த்தால், நான் வாயைத் திறப்பதில் யாருக்கு என்ன சுகம்? ரூபன் வரப்போவதில்லை. செண்பகாவுக்கு மிச்சம் இருக்கிற ஒரே நம்பிக்கை நான். எனக்கும் இவருக்கும் ஆபத்து. இந்தப் பக்கம் ஜெபா ஒருத்தி. ஒருத்தியைத் தவிர மற்ற எல்லாருக்கும் இப்படியே இருப்பதுதான் நல்லது.

அவரை நடத்தும்போதெல்லாம் அந்த ஒருத்தியைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லித்தான் பிள்ளைகளைத் தூண்டிவிடுவேன்.

பிப்ரவரி 22, வெள்ளி

பொறுப்பு முதல்வர் ஆர்டர் வந்துவிட்டது. கமிட்டி உறுப்பினர்கள் கையெழுத்தில் மூன்றாவது சண்முகவேலுடையது. தெளிவான கையெழுத்து. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். இவர் சந்தோஷப்படவும் இல்லை, திட்டவும் இல்லை. "அன்னைக்கு நீ சொன்னதும் கேட்டுச்சு, அவன் போன்ல சொன்னதும் கேட்டுச்சு, இன்ஸ்பெக்டர்கிட்ட நீ சொல்லாததும் கேட்டுச்சு" என்றார்.

"நீங்க சொல்லியிருக்கலாமே?"

"நானும் பயந்தேன். இல்லேங்கல."

பிறகு எழுந்து விளக்கைப் போட்டார். "சொல்லுததுன்னா சொல்லு. சொல்லலேன்னா அந்த ஜெபா பிள்ளையைப் பத்தி என்கிட்டப் பேசாத. ரெண்டையும் சேர்த்து எனக்குக் கேக்க முடியல."

மார்ச் 1, வெள்ளி

முதல்வர் நாற்காலியில் முதல் நாள். மாலை போட்டார்கள். முதல் கோப்பாக வந்தது ஜெபராணியின் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தாள். பரீட்சைக்கு இரண்டு மாசம்கூட இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் அவள் டீச்சர் ஆக முடியாது.

ஆபீஸ் ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஜெபா நேரில் வரவில்லை. அவள் அம்மா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாளாம். சர்ச்சில் அவர்கள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று ஆபீஸ் பியூன் சொன்னார்.

கோப்பை மூடி வைத்தேன். பேனா மூடியைத் தேடினேன், கையிலேயே இருந்தது.

மார்ச் 3, ஞாயிறு

ஜெபா வீட்டுக்குப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் ஜெபாவின் நீலப்பட்டைச் செருப்பு கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இரண்டு வருஷமாகக் கல்லூரிக்கு வந்தாள்.

அவள் அம்மா கதவைப் பாதி திறந்து, பாதிக்கு நடுவில் நின்றாள்.

"ஜெபாவைப் பாக்கணும்."

"அவ இல்லீங்க. மதுரையில சித்தி வீட்டுக்குப் போயிட்டா." என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் கால் மெதுவாகச் செருப்பைக் கதவுக்குப் பின்னால் தள்ளியது.

கொல்ல வந்தவர்களிடம் சொல்கிற பதில் அது. எனக்குச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

படியிலேயே நின்றுகொண்டேன். உள்ளே இருப்பவளுக்குக் கேட்கவேண்டுமே என்று வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன். ஜெபா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. செங்கோட்டை பஸ் என்று சொன்னது நான். காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னேன். சொன்னபோது அது பொய், ஒரு கால் மணி நேரத்தில் உண்மையாகிவிட்டது. அதற்கப்புறம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உங்கள் பிள்ளை மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காப்பாற்றுவதற்காக இல்லை.

பக்கத்து வீடுகளில் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். நான் மறுபடியும் ஒருமுறை முதலிலிருந்து சொன்னேன், அவர்களுக்காக.

ஜெபாவின் அம்மா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "அவ வந்தா சொல்லுதேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மார்ச் 5, செவ்வாய்

மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். மைத்துனர் போனில் சொன்னது, சண்முகவேல் பக்கத்தில் நின்றது, நான் சொன்னது எல்லாம். இவரும் கொடுத்தார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். பயம் என்றேன். இன்னும் ஒரு காரணம் உண்டு, அதற்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

மார்ச் 6, புதன்

பொறுப்பு முதல்வர் ஆர்டர் ரத்து. கல்லூரிக்கு வரவேண்டாம், தகவல் பின்னால் வரும் என்று தாளாளர் போனில் சொன்னார். ஜெபாவின் மாற்றுச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்தவர் போடுவாரோ என்னவோ.

மார்ச் 7, வியாழன்

கேட்டுக்கு உள்ளே ஒரு பழப்பை வைத்திருந்தார்கள். ஆப்பிள், மாதுளை. யாரும் மணி அடிக்கவில்லை. இவர் அதை எடுத்துப் போய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தார். பழம் கொடுத்தது குற்றம் ஆகாது என்று சொன்னார்களாம்.

மார்ச் 9, சனி

செண்பகாவிடம் சொன்னேன்.

கட்டுப் பிரித்திருந்தார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தையல். அதைத் தடவிக்கொண்டே கேட்டாள். ஜெபா என்றதும் கண்ணை மூடினாள். நான் முடித்த பிறகு ஒவ்வொரு தையலாக விரல் வைத்து எண்ணினாள். ஏசட்டும், அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க பொய் சொன்னது எனக்குப் புரியுது மேடம்" என்றாள் கடைசியில். "நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அன்னைக்கு வகுப்புல சும்மா வாதத்துக்குப் பேசினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"காபி ஏன் குடுத்தீங்க?"

வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதுதானே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பித்தளை டவரா செட்டுல குடுத்தீங்க. ரூபன் பாத்துட்டு வந்து அதைத்தான் சொன்னான். அவனுக்குத்தான் எல்லாம் கண்ணுல படும். மூணு நாள் உங்க வீட்ல இருந்தோம் மேடம். எங்களுக்குச் சாப்பாட்டைப் படியில வச்சுட்டுப் போவீங்க. அந்தப் பழைய டம்ளரை அவன்தான் கழுவிக் கழுவிக் கவுத்து வைப்பான்."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். போலீஸ்காரப் பெண் நேரம் ஆகிவிட்டது என்று என்னை வெளியே கொண்டுவந்து விட்டார்.

பஸ்ஸில் வரும்போது ஒரு பதில் கிடைத்தது. கீழுக்கும் மேலுக்கும் சாமான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்றுதான் தனியாகக் கொடுத்தேன், வேறு ஒன்றும் மனசில் இல்லை என்று அவளுக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஜனவரி 27-ஐத் திருப்பிப் பார்த்தேன். அதே வார்த்தைகளில் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

அதுவும் பொய்.